செரட்டோனின் அண்ணை

மன்னார்க் கரையோரத்துப் பேசாலையில் மூளையைப் பற்றி டொக்டர்மாரை விட அதிகம் பேசிய ஒரே மனிதர், படகு எஞ்சின் திருத்துகிறவர்தான். ஞானஸ்நானப் பெயர் கோவில் பதிவேட்டில் இருக்கும். ஊருக்கு அவர் செரட்டோனின் அண்ணை.

அவர் கை பட்டால் செத்த எஞ்சினும் எழும்பும். அப்படிப்பட்டவர் ஒருநாள் கடலில் எஞ்சின் நின்று, ஒரு பகல் முழுக்கத் தனியாக அலைந்தார். நின்றது அவருடைய சொந்த எஞ்சின் என்பதுதான் ஊருக்குச் சிரிப்பு. கரை சேர்ந்தபிறகு படகில் கால் வைக்க முடியவில்லை. வைத்தால் நெஞ்சு அடிக்கும், கழுத்திலிருந்து முதுகு வரை நோவெடுக்கும். படம் எடுத்துப் பார்த்தார்கள்; எலும்பில் பிழையில்லை. திருத்திய எஞ்சினைக் கடலில் ஓட்டிப் பார்க்காமல், கரையில் தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் ஓட்டிப் பார்ப்பார்.

"அண்ணை, பீப்பாவுக்குள்ள மீன் பட்டதோ?" என்று கேட்பார்கள்.

கடைசியில் மன்னார் ரவுணில் மனநலக் கிளினிக்குக்குப் போனார். குளிசை கொடுத்தார்கள். ஒரு கிழமையில் பயம் இரண்டு மடங்கானது, வாந்தி வேறு. குளிசைக் கார்ட்டையும் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் பாய்ந்தார்.

"பயத்துக்கு மருந்து கேட்டனான். நீங்கள் பயத்தையே தந்து விட்டிருக்கிறியள்!"

அந்த டொக்டர் பொறுமைசாலி. அளவைக் குறைத்து, ஏன் அப்படி நடக்கிறது என்று அரை மணித்தியாலம் விளக்கினார். அந்த அரை மணித்தியாலத்தை அண்ணை வருடக்கணக்காக ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"செரட்டோனின் எண்டது மூளையும் உடம்பும் சேதி அனுப்பிற ஒரு ரசாயனம், அது ஒண்டுதான். ஆனா அதை வாங்கிற ரிசெப்டர் கன வகை. ஒரு வகை வாங்கினா பயம் அடங்கும், இன்னொரு வகை வாங்கினா பயம் கிளம்பும். முள்ளந்தண்டில இருக்கிறதுகள் சிலது நோவைக் குறைக்கும், சிலது கூட்டும். குடலுக்குள்ளயும் இருக்கு, அதுதான் என்னைச் சத்தி எடுக்கப் பண்ணினது. எல்லாம் ஒரு சீருக்கு வரக் கொஞ்சக் கிழமை செல்லும். எஞ்சினைப் பூட்டின உடன இந்தியாவுக்கு ஓடலாமோ?"

மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஒருவர், "என்ன அண்ணை, பைத்தியத்துக்குக் குடுக்கிற விசர்க் குளிசையோ?" என்று கேட்டார்.

"ஓம், அதேதான்! உனக்குப் பிரஷர் ஏறுது, குளிசை போடுறாய். எனக்குப் பயம் ஏறுது, நானும் போடுறன். இதில உனக்கென்ன பெருமை?"

ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தல் சொல்லப் பங்குச் சுவாமியிடம் இரண்டு நிமிடம் கேட்டு, இருபது நிமிடம் எடுத்தார். மூளை என்று அவர் அட்டையில் வரைந்து காட்டியது நண்டு மாதிரி இருந்தது. ஆனாலும் அடுத்த கிளினிக் நாளில் எங்கள் ஊரிலிருந்து நான்கு புதுமுகங்கள் வந்து இருந்தன.

அதில் ஒன்று நான்.

மீனவர் சங்கக் கந்தோரில் எனக்கு வேலை. காரணமில்லாமல் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், செத்துப்போகிறேன் என்று தோன்றும். இருதயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். சட்டைத் துணி வாங்கப் போவதாக வீட்டில் பொய் சொல்லி, தலையில் சால்வையை மூடிக்கொண்டு கிளினிக் வாசலில் நின்றேன்.

"அட, கந்தோர்ப் பிள்ளை! வாங்கோ, வாங்கோ, இதில இருங்கோ!"

கூப்பிட்டது வேறு யாராக இருக்கும்? நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. பேசாலை முழுக்கப் பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அண்ணை அதைப் பார்த்தார். அவர் குரலைத் தாழ்த்தி நான் முதல்முதல் கேட்டது அப்போதுதான்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. முதல் ரெண்டு கிழமை கரைச்சல் தரலாம். விட்டிடாமல் டொக்டரிட்டச் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் வாய் திறக்க மாட்டன்."

நான் நம்பவில்லை. தன் வாந்தியைக் கோவிலில் அறிவித்த மனிதர் என் கதையை விட்டுவைப்பாரா? ஒரு மாதம் காத்திருந்தேன். ஆறு மாதம் காத்திருந்தேன். ஊரில் ஒரு மூச்சு இல்லை. என் அம்மாவே அவரிடம், "பிள்ளை இப்ப நல்லாச் சாப்பிடுறாள், என்ன காரணமோ" என்று சொன்னாளாம். "உங்கட கைப்பக்குவம்தான்" என்றாராம்.

போன கோவில் பெருநாளுக்கு முந்தைய கிழமை, கரையில் ஒரே கூட்டம். அண்ணை ஒரு படகில் ஏறி நின்றார். கயிற்றை இழுத்தார், எஞ்சின் பிடித்தது, அலையைக் கிழித்துக்கொண்டு போனார். ஏலக்காரர்கூட ஏலத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தவர், இடுப்பளவு தண்ணீரில் குதித்துக் கத்தினார்.

"பயமும் கூட வந்தது! ஆனா சுக்கான் என்ர கையில!"

ஐஸ் லொறியோடு வந்திருந்த வெளியூர்ச் சாரதி என்னிடம் கேட்டார்: "ஆர் அக்கா இந்த மனுசன்? இந்தக் கத்துக் கத்துறார்?"

சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எங்கட ஆள். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கிளினிக்."