வேணாம் முதலாளியும் எட்டு வேலைக்காரர்களும்

வியாபாரம் செய்யவே தெரியாத முதலாளி உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் மலாக்காவில், எங்கள் காஜா பேராங்கில், கோப்பித்தூள் கடை வைத்திருந்தார். அதுவும் ஜப்பான்காரன் காலத்தில், கோப்பிக்கொட்டை கண்ணிலேயே படாத நாளில். இப்போது தொழிலாளர் நலம், வியாபார நாணயம் என்று மாலையைப் போட்டுக்கொண்டு மேடையில் பேசுகிறார்களே, அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷன் ஞாபகம்தான் வருகிறது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊர் அவருக்கு 'வேணாம் முதலாளி' என்று பெயர் வைத்துவிட்டது. வாங்க வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே இவர் ஆரம்பித்துவிடுவார்.

"வேணாம்மா, இன்னைக்கு வாங்காதீங்க. மரவள்ளிக்கெழங்கு கூடிப்போச்சு. உள்ள கோப்பி இருக்குன்னு நீங்களா நம்புனாத்தான் உண்டு."

கிழங்கைக் காயவைத்து, கருக வறுத்து, இருக்கிற கொஞ்சம் கொட்டையோடு சேர்த்து அரைப்பதுதான் அன்று எல்லாக் கடையிலும் வழக்கம். மற்றவர்கள் அதை 'முதல் தரம்' என்று சொல்லி விற்றார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. கம்போங் செட்டியிலிருந்து ஓர் அம்மாள் வருவார். அங்கே தமிழ் ஓடாது, மலாய்தான். "அப்பா இனி, தவுக்கே? கோப்பிகா, ஊபிகா?" என்று அதட்டுவார். என்ன முதலாளி இது, கோப்பியா, கிழங்கா என்று கேள்வி. "ஊபி, ஞோன்யா, ஊபி!" என்று முதலாளி ஏதோ பரிசு விழுந்ததுபோல ஒத்துக்கொள்வார். இவ்வளவு உண்மை பேசுகிறவரிடம் வாங்காமல் எப்படிப் போவது? அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்.

கடையில் வறுக்கிற பீப்பாய் ஒன்று, அரைக்கிற எந்திரம் ஒன்று. இரண்டு ஆள் தாராளம். நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். முனியாண்டி பீப்பாயைச் சுற்றுவான். அவன் சுற்றுவதை ஒருவன் பார்ப்பான். பார்க்கிறவன் தூங்கிவிடாமல் இன்னொருவன் பேச்சுக் கொடுப்பான். எனக்கு அப்போது பெண்டாட்டியும் கைக்குழந்தையும் உண்டு. வாய்த்த உத்தியோகம் காற்றுப் பார்ப்பது. விரலை நனைத்துத் தெருவில் தூக்கிப் பிடிக்கவேண்டும். காற்று வீடுகள் பக்கம் திரும்பினால் குரல் கொடுக்கவேண்டும். உடனே வறுவல் நின்றுவிடும்.

"நம்ம பொகையில அடுத்த வீட்டுப் புள்ளைங்க இருமணுமா? அப்படி ஒரு யாவாரம் எதுக்குடா?" என்பார்.

எட்டுப் பேருக்குக் காரணம் வேறு. ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வேலையில்லாத தமிழன் தெருவில் நின்றால் லோரியில் ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. வேலையில் இருப்பவனை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தார்கள். தோட்டத்தில் வேலை போய் டவுனுக்கு வந்து திரிந்த எங்களை முதலாளி கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ளே தள்ளிக்கொண்டார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

"யாராச்சும் சோதிக்க வந்தா மெதுவா செய்யுங்கடா. மெதுவா செய்யத்தான் உங்கள வெச்சிருக்கேன்!"

ஒருநாள் காலையில் ஜப்பான் அதிகாரி வந்துவிட்டான். மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, கூடவே வந்தார். முதலாளி பதறாமல் ஒரு கோப்பை கலந்து கொடுத்தார். "கெழங்குதான்னு ஐயாகிட்ட சொல்லிருங்க" என்றார். கிராணிக்கு வேர்த்துவிட்டது. அதை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை.

முதலாளியின் சட்டம் எங்களுக்கு மறக்கவில்லை. ஆனால் உடம்பு தோட்டத்தில் வளர்ந்த உடம்பு. துரை வருகிறார் என்றால் கை தானாக வேகம் பிடிக்கும். அதிகாரியின் பூட்ஸைக் கண்டதும் முனியாண்டி சுற்றிய சுற்றில் பீப்பாயே தெரியவில்லை. பேச்சுக் கொடுப்பவன் மூட்டை தூக்கினான். நான் விரலைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். முதலாளி கண்ணைக் காட்டினார், கனைத்தார், தலையில் அடித்துக்கொண்டார். நிறுத்த முடியவில்லை. அதிகாரி கோப்பையைக் கீழே வைப்பதற்குள் அன்றைய வேலை மொத்தமும் முடிந்துவிட்டது.

கிராணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: "நல்ல சுறுசுறுப்பாம். இப்படிப்பட்ட ஆளுங்க இருந்தா இந்தக் கடைக்கு ரெண்டு பேரு போதுமாம். மிச்ச ஆளுங்க நாளைக்கு லோரியில ஏறணுமாம்."

முதலாளி எங்களைத் திட்டுவார் என்று நின்றோம். அவர் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அதிகாரியின் பின்னாலேயே போனார்.

அங்கே என்ன நடந்தது என்று பிறகு கிராணிதான் சொன்னார். கடையை, பீப்பாயை, எந்திரத்தை மொத்தமாக ஜப்பான் பட்டாளத்தின் சாமான் கிடங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். "இந்த எட்டுப் பேரு கைக்குத்தான் அந்த எந்திரம் ஓடும். வேற ஆளு தொட்டா நின்னுரும்" என்று கண்ணை இமைக்காமல் சொன்னாராம். கிழங்கைக் கோப்பி என்று சொல்ல வராத நாக்கு அது. எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

எங்கள் எட்டுப் பேர் கைக்கும் பட்டாளத்துப் பட்டை கிடைத்தது. பட்டை கட்டியவனை ஒருவரும் தொடமாட்டார்கள். முனியாண்டிதான் கேட்டான்.

"கடைய குடுத்துட்டீங்க. நீங்க என்ன மொதலாளி செய்வீங்க?"

"போடா, இத்தனை நாளா உங்க எட்டுப் பேரையும் கட்டி மேய்ச்சேன். கொஞ்சம் சும்மா இருக்க வுடு."

சும்மா இருக்க விடவில்லை. கடையில்லாத முதலாளியும் வேலையில்லாத தமிழன்தானே! ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நாங்கள் கிடங்குக்கு நடந்துகொண்டிருந்தோம். லோரி எங்களைத் தாண்டியது. அதன் பின்தட்டில் கூட்டத்தோடு கூட்டமாக முதலாளி நின்றுகொண்டிருந்தார். முனியாண்டி, "மொதலாளி!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

"கிட்ட வராதடா! நேரமாச்சு, வேலைக்குப் போங்க!" என்று அதட்டினார். அதிகாரம் மட்டும் குறையவில்லை.

சண்டை முடிந்தபோது நாங்கள் எட்டுப் பேரும் உயிரோடு இருந்தோம். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாய்த் திரும்பியவர்களையெல்லாம் நிறுத்தி விசாரித்தோம். பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. குடும்பம் என்று அவருக்கு யாரும் கிடையாது. காரியம் செய்வதானால் நாங்கள்தான் செய்யவேண்டும். எட்டுப் பேரும் கூடிப் பேசினோம். முனியாண்டி ஒரேயடியாக மறுத்துவிட்டான். "செத்தாருன்னு யாரு பார்த்தா? பார்க்காம எப்படித் திதி குடுக்குறது?"

அதனால் இன்றுவரை நாங்கள் அவருக்குத் திதி கொடுக்கவில்லை. வந்துவிடுவார் என்றே வைத்திருக்கிறோம்.