கரண்டிக்கு முன்னால் ஒரு விரல்

மாடி வீட்டு உரிமையாளர் அம்மா அவர்களுக்கு,

எங்கள் ஏழு மாத மகளுக்குத் திருட்டுத்தனமாக ஊட்டுவது நீங்கள்தான். வணக்கம். கீழ் வீட்டில் அனைவரும் நலம். மாடியில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்து நீங்களும் நலம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

"முட்டை, வேர்க்கடலை, எள்ளு எல்லாம் சில குழந்தைங்களுக்கு ஒத்துக்காது. அதுக்காகத் தள்ளிப்போடாதீங்க. ஒரு நேரத்துக்கு ஒண்ணு, கரண்டி நுனியில கொஞ்சம். பகல்ல குடுத்துட்டுப் பக்கத்துலயே உக்காந்து பாருங்க. தடிப்போ வீக்கமோ வந்தா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார் டாக்டர். உட்கார்ந்து பார்க்க லீவு வேண்டுமே! மனைவி கால் சென்டர் வேலைக்காக வீட்டிலிருந்தே போனில் ஊரார் புகார் கேட்கிறவள். ஹெட்செட் மாட்டினால் திரும்பக்கூட முடியாது. நான் வேலை பார்க்கும் பார்சல் கிடங்கில் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "உன் பொண்ணு முட்டை திங்கிறதுக்கு உனக்கு ஏன்யா லீவு? நீயா முட்டை போடப்போற?" என்றார். கிடங்கே சிரித்தது. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வசதிக்காரர்களுக்குத்தான் போலிருக்கிறது.

குடிவந்த அன்றே "என் வீட்டுல முட்டை வாடை வந்துச்சுன்னா மறுநாளே காலி பண்ணணும்" என்றீர்கள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்தி, வாசலில் பினாயில் ஊற்றி, வெடிகுண்டு செய்கிறவர்கள் மாதிரி மூச்சுக் காட்டாமல் ஒரு முட்டையை அவித்தோம். மசித்து எடுத்துப்போனால், நாற்காலியில் இருந்த மகளின் உதட்டோரத்தில் ஏற்கெனவே முட்டை மஞ்சள் கரு.

"அதுக்குள்ள குடுத்துட்டியா?" என்றாள் மனைவி.

"நீ குடுக்கலையா?"

இருவரும் பின்கதவைப் பார்த்தோம். பூட்டியிருந்தது. அதன் இன்னொரு சாவி உங்களிடம்.

அடுத்த வாரம் வேர்க்கடலை விழுது. புது டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு விரல் வழித்த தடம். எங்கள் இருவர் விரலும் அதற்குப் பெரிது. மகள் பின்கதவைப் பார்த்து வாயைத் திறந்தாள், மென்றாள், விழுங்கினாள், மறுபடி திறந்தாள். நாங்கள் ஊட்டினால் பாதி என் சட்டையில் துப்புகிறவள் அவள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

எள்ளை நாங்கள் வாங்கவே இல்லை. நேற்று அவள் வாயில் எள் வாசனை, தாடையெல்லாம் சிவப்புத் தடிப்பு. தூக்கிக்கொண்டு ஓடினோம். "என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்கிறார், பெத்தவங்க ரெண்டு பேரும் முழிக்கிறோம். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தடிப்பு மாலைக்குள் அடங்கிவிட்டது. அடுத்த தடவை அடங்காவிட்டால்? எதனால் என்று யாரைக் கேட்பது?

வீட்டைத்தான் நாங்கள் வாடகைக்கு எடுத்தோம். எங்கள் பிள்ளையின் வாயை உங்களுக்கு வாடகைக்கு விடவில்லை. என்னென்ன ஊட்டினீர்கள் என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குறையட்டும். குழந்தையும் உங்களை விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கீழ் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இதை உங்கள் கதவிடுக்கில் செருக மாடி ஏறினேன். பூட்டில் துரு. பக்கத்துக் கடைத் தையல்காரர் கீழிருந்து, "யாரைத் தேடுற தம்பி? நீங்க குடிவந்த வாரமே அம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்களே! சாவியெல்லாம் அன்னையிலேருந்து யாரும் தொடாம என்கிட்டதான் கெடக்கு" என்று நூல் டப்பாவை ஆட்டிக் காட்டினார். ஆகவே அம்மா, மேலே எழுதியது அத்தனையும் தவறு. மன்னிக்கவும். கடிதத்தை இப்போது எங்கள் பின்கதவின் அடியில் வைக்கிறேன். மாடியில் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் யாராக இருந்தாலும் சரி. நாளை எனக்கு லீவு கிடையாது. மனைவி ஹெட்செட்டில் இருப்பாள். எள் மட்டும் வேண்டாம். வேறு எதையாவது ஊட்டினால், ஊட்டியதும் போய்விடாதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பாருங்கள். தடிப்பு வந்தால் கதவைத் தட்டுங்கள்.

சத்தம் நின்றுவிட்டது. கேட்கிறதா? தட்டுவீர்களா, மாட்டீர்களா? சொல்லுங்கள்.