சாவி பாயும் தூக்குச்சட்டியும்

காரைக்குடியில் ஒரு தெருவையே நல்லவர்களாக்கி நாசமாக்கிய மனிதர் ஒருவர்தான். அவர் சாவி பாய்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவருடைய சொந்தப் பெயர் டிரைவிங் லைசென்சுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்ததும் சாவியைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

"நேத்து யாருக்கு என்ன நல்லது செஞ்சீக? சொன்னாத்தான் வண்டி நகரும்."

ஒரு பிள்ளை முழித்தாலும் நகராது. பின்னால் தேவகோட்டை பஸ் தொண்டை கட்டுமளவுக்கு ஹாரன் அடித்தாலும் நகராது.

பிள்ளைகள் என்ன செய்யும்? கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நல்லது செய்யக் கிளம்பிவிட்டன. சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து ரோட்டின் எதிர்ப்பக்கம் சேர்த்தார்கள். அவர் காத்திருந்த அரியக்குடி பஸ் இந்தப் பக்கம் வந்து, அவரை விட்டுவிட்டுப் போனது. வாசலில் வைத்திருந்த என் புதுக் குடையை ஒரு பையன் எடுத்துக் கீரைக்காரம்மாவுக்குத் தானம் செய்துவிட்டான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் கீரை விற்க, நான் மழையில் நனைந்துகொண்டே வாங்கினேன்.

என் மகள் நிலா மட்டும் அசையவில்லை. பாய் கேட்டால் தினமும் ஏதாவது ஒரு புளுகைச் சொல்லித் தப்பித்துவந்தாள். ஒரு ரப்பர் துண்டைக்கூட யாருக்கும் தராதவள். வேனில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கு அதில் உள்ளூர வருத்தம் உண்டு.

புளுகு தீர்ந்துபோய் ஒருநாள் அவளும் கிளம்பினாள். வீட்டிலிருந்த பணியாரத்தைத் தூக்குச்சட்டியோடு எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். பைக் நிறுத்தும் தகராறில் நாலு வருஷமாக நான் பேசாத வீடு!

எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். மறுநாளே தூக்குச்சட்டி நிறையச் சீயம் வந்து இறங்கியது.

"நாம குடுத்தது பத்துப் பணியாரம். அவுக இருவது சீயம் குடுத்திருக்காக. சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் மனைவி.

அதிரசம் போனது. கந்தரப்பம் வந்தது. இதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் தூக்குச்சட்டியைத் தூக்க, தெருவே எண்ணெயில் மிதந்தது. ஒரே மாதத்தில் ஆண்கள் ஒருவருக்கும் தொப்பைக்கு மேல் சட்டைப் பொத்தான் எட்டவில்லை.

பெற்றோர்கள் கூடிப் பேசினோம். "வேற டிரைவரைப் பாத்துக்கிருவோம். பாய்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று என் தலையில் கட்டினார்கள். அவருக்கு அந்த வேனை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அது தெரிந்துதான் யாரும் கூட வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். வேன் வரக் காணோம். பைக்கை எடுத்துக்கொண்டு தேடிப் போனால், கொத்தமங்கலம் ரோட்டில் பஞ்சராகி நிற்கிறது. பாய் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை பையால் அவருக்கு வெயிலை மறைத்தது, ஒன்று நோட்டால் விசிறியது. நிலா தன் கைக்குட்டையால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பெண் அவள் தோளில் கைபோட்டு நின்றாள்.

"நாளைக்கு இதையும் பாய்ட்டச் சொல்லுவியாத்தா?" என்று கேட்டேன்.

"இதையெல்லாமாப்பா சொல்லுவாக? மாமாவுக்கு வேர்க்குதுல்ல!"

பாய் நிமிர்ந்தார். "என்ன சார், இம்புட்டு தூரம் வந்திருக்கீக? எதும் சேதியா?"

"ஒண்ணுமில்ல பாய். அந்த ஸ்பேனரை இங்குட்டுக் குடுங்க, நான் புடிக்கிறேன்."

தெருவுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லிக்கொள்ளலாம். அந்த மனுஷனை விட்டுக்கொடுக்க மட்டும் மனசு வரவில்லை.