டோட்டல் அண்ணனும் திங்கட்கிழமைக் கூட்டமும்

கடிக்க வந்த கொசுவைக்கூட, "நேத்து வந்தது நீதானா, இல்ல புதுசா?" என்று விசாரித்துவிட்டு அடிக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவர் ஓசூரில், எங்கள் கம்பெனியில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தது என் பாக்கியம்.

அவருக்கு டோட்டல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் டோட்டல்தான். எதைக் கேட்டாலும் மொத்தம் இவ்வளவு என்று சொல்லவே மாட்டார், அதனால் அந்தப் பெயர். வழுக்கைக்காரரைச் சுருட்டை என்று கூப்பிடுவதில்லையா, அந்த மாதிரி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். எண்ணுவது தெலுங்கில், திட்டுவது கன்னடத்தில், சந்தேகப்படுவது தமிழில். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். ஒருநாள் கேண்டீன் வடையை அந்த அளவுக் கருவியால் அளந்து, "நடுவுல ரெண்டு மில்லி கம்மி, ரிஜெக்ட்டு" என்று திருப்பி அனுப்பியவர். கேண்டீன்காரர் அதற்குப் பிறகு அவருக்கு மட்டும் உப்புமாதான் கொடுத்தார். உப்புமாவை அளக்க முடியாதல்லவா.

இரண்டாயிரத்துச் சொச்சம். தொழிற்பேட்டையில் இரண்டு பெரிய கார் பாகக் கம்பெனிகளின் மதில்களுக்கு நடுவே ஒடுங்கி நின்றது எங்கள் சின்னக் கம்பெனி. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப்போடும் மெஷின் செய்தோம். அறுபது பேர் வேலை. நான் விருதுநகரிலிருந்து வந்து விற்பனைப் பிரிவில் இருந்தேன். டோட்டல் அண்ணன் இன்ஸ்பெக்‌ஷன். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு மெஷினும் கேட்டைத் தாண்டாது.

எல்லோரும் வெப்சைட் வைக்கிறார்களே என்று எங்கள் முதலாளியும் பெங்களூரில் ஆள் பிடித்து ஒன்று வைத்தார். பக்கத்தின் அடியில் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓர் எண் ஓடும். ஒருநாள் அது லட்சத்தைத் தொட்டது. முதலாளி எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். கேசரியை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே டோட்டல் அண்ணன் கேட்டார்:

"லட்சம் பேரு வந்தாங்கன்றீங்களே சார், ஒருத்தராச்சும் போன் பண்ணாரா?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதுய்யா. இது இன்டர்நெட்டு."

அண்ணன் நேராக என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். வெப்சைட்டைத் திறந்து, பக்கத்தைப் புதுப்பிக்கும் எஃப் ஃபைவ் பொத்தானில் விரலை வைத்தார். அழுத்த அழுத்த எண் ஏறியது. சாப்பாட்டு மணி அடித்தது, அழுத்தினார். டீ வந்தது, இடது கையால் குடித்துக்கொண்டு வலது கையால் அழுத்தினார். சாயந்தரம் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சார், நா ஒருத்தனே இன்னிக்கி ஒம்பதாயிரம் பேரு."

முதலாளி ஸ்கிரீனில் ஓடிய எண்ணைப் பார்த்தார். பிறகு, "இனிமே இந்த எழவ நீயே பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் எட்டாவது வரை படித்த ஓர் இன்ஸ்பெக்டர் எங்கள் கம்பெனியின் இணைய விவகாரங்களுக்கு அதிபதியானார். காலையில் மெஷின், மத்தியானத்துக்கு மேல் வெப்சைட்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு வெப்சைட் மட்டுமில்லை. பையன்களும் பெண்களும் ஒருவர் சுவரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்த நட்புத் தளம் ஒன்றில் கம்பெனி பெயரில் ஒரு குழு இருந்தது. வீடியோ தளத்தில் சில வீடியோக்கள் இருந்தன. ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்வேர்டு, வேறு கதவு. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரே ஊட்டுக்கு மூணு வாசல் வெச்சிகினு, யாரு எதுல வந்தான்னே தெரியாம குந்திகினு கீறோமே சார்!"

பழைய டிராயிங் ஷீட் ஒன்றைத் திருப்பி, ஆள் உயரத்துக்குச் சுவரில் ஒட்டினார். குறுக்கே தேதி, நெடுக்கே பக்கம். வந்து போனவர்களுக்குப் பச்சை, நின்று பார்த்தவர்களுக்கு நீலம், வாய் திறந்து ஏதாவது கேட்டவர்களுக்குச் சிவப்பு. மூன்று இடத்துக் கணக்கும் தினமும் அந்த ஒரே ஷீட்டில் ஏறும். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லச் சொன்னார் முதலாளி.

"அது எப்டி சார்? கல்யாணத்துக்கு வந்தவன், சாப்ட்டவன், மொய் எழுதனவன், மூணு பேரயும் கூட்டினா ஒருத்தனே மூணு பேரா ஆயிருவானே!"

கணக்கில் நம் ஆட்கள் கலந்துவிடக் கூடாது என்பது அவருடைய இன்னொரு வெறி. தினமும் எட்டு மணிக்கு மேஜை மேஜையாக வருவார். "நேத்து வெப்சைட்டு தொறந்தீங்களா? எத்தினி வாட்டி?" அக்கவுண்ட்ஸ் அம்மா அவரைக் கண்டாலே பாத்ரூமுக்குப் போய்விடுவார். ஒருமுறை முதலாளி வீட்டுக்கே போன் போட்டுவிட்டார். ஆயுதபூஜை போட்டோவில் தன் பட்டுப்புடவை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க முதலாளியம்மா பதினாலு தடவை திறந்திருந்தது தெரிந்தது. பதினாலையும் கழித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அவரைப் படாதபாடு படுத்தியது பெங்களூர்தான். வருகிறவர்களின் ஊரைக் காட்டும் இடத்தில் பாதிக்கு மேல் பெங்களூர் என்றே விழும். ஓசூரில் அவரே உட்கார்ந்து திறந்தாலும் பெங்களூர் என்றது. "நம்ம ஊர எவன்டா கர்நாடகாவுக்கு எழுதிக் குடுத்தது?" என்று ஆரம்பித்து, மீதியைக் கன்னடத்தில் முடித்தார். இன்டர்நெட் லைன் அங்கிருந்து வருவதால் அப்படி என்று நான் விளக்கினேன். நம்பவில்லை. எல்லைப் பிரச்சினையைத் தீர்க்கக் கோரி அந்த ஊர்க் கணக்கைக் காட்டுகிற ஏதோ ஓர் இங்கிலீஷ் கம்பெனிக்கு ஒன்றரைப் பக்கத்துக்குத் தமிழில் ஈமெயில் அனுப்பினார். பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில்தான், அதில் உண்மையான பெங்களூர் எது, நம்ம ஊர் எது என்று மணி வாரியாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"சார், திங்கக்கெழம இன்னா விசேஷம்?"

ஷீட்டைப் பார்த்தேன். வெப்சைட்டில், மெஷினில் கை படாமல் பிளேடை மறைக்கும் மூடியைக் கழற்றி பிளேடு மாற்றும் முறை என்று ஒரு பக்கம் உண்டு. யாரும் சீந்தாத பக்கம். ஆறு வாரமாகத் திங்கட்கிழமைகளில் மட்டும் அதன் கட்டம் நிறைந்திருந்தது. கீழே வீடியோ வரிசை. எங்கள் மெக்கானிக் மூடி கழற்றும் ஒரு நிமிஷ வீடியோ, முதலாளி குத்துவிளக்கு ஏற்றிய வீடியோவையே முந்திவிட்டிருந்தது. அதுவும் திங்கட்கிழமைதான். அதற்கும் கீழே, நட்புத் தளத்துக் குழுவில் ஒரு சிவப்புப் புள்ளி. யாரோ ஒரு பையன் கேட்டிருந்தான்: "மூடி இல்லாம ஓட்டலாமா?" இன்னொருவன் பதில் எழுதியிருந்தான்: "தாராளமா. எங்கப்பா அப்டித்தான் ஓட்றாரு மச்சி, சூப்பரா போகுது."

தனித்தனியாக வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றுமே இல்லை. ஒரே ஷீட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றபோது நானே எழுந்து ஷீட்டுக்குப் பக்கத்தில் போனேன்.

"பெங்களூருல வேல செய்ற பசங்க சார்" என்றார் அண்ணன். "நாயித்துக்கெழம ஊருக்குப் போறாங்க. அப்பங்காரன் மெஷின காட்டறான். திங்கக்கெழம ஆபீஸ்ல வந்து இத தேடிப் பாத்துட்டு, மூடிய எப்டி கழட்டறதுன்னு போன்ல சொல்லிக் குடுக்கறான்."

முதலாளி அறைக்கு இரண்டு பேரும் போனோம்.

"நெறைய பேர் பாக்கறாங்கன்னா நல்லதுதானேய்யா?"

"பிளேடு மாத்த ஆறு மாசம் ஆவும் சார். புது மாடலு வெளிய போயி ரெண்டு மாசந்தான் ஆவுது. எதுக்கு சார் மூடிய கழட்டறாங்க?"

"ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலையே!"

"மூடி இல்லன்னா வேல ஜோரா நடக்குது, ஏன் சார் கம்ப்ளெயின்ட்டு வரும்? கை போனாத்தான் வரும்."

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சுவரில் ஒட்டிய காகிதத்தை நம்பி அவர் எப்படி மெக்கானிக்கை அனுப்புவார்? "வேணும்னா லீவு போட்டுட்டுப் போய்ப் பாரு" என்றார். வேணும் என்றார் அண்ணன். அவரைத் தனியே விட மனசு வராமல் நானும் சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

மத்தூர் டீலரிடம் புது மாடல் வாங்கிய ஒருவரின் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, இரண்டு மைல் நடந்து ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனோம். வாசலில் ஐந்தாறு கோழிகள் வட்டமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. குடித்த பாத்திரம் எங்கள் மெஷினின் மூடி. கவிழ்த்து வைத்தால் மூடி, நிமிர்த்தி வைத்தால் நல்ல தொட்டி.

கொட்டகையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. யாரோடோ பேசிக்கொண்டே தட்டைக் கை கையாகத் தள்ளிக்கொண்டிருந்தார். சுற்றுகிற பிளேடுக்கும் அவர் வளையலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அண்ணன் ஓடிப் போய் சுவிட்சை அணைத்தார்.

"ஏய், யாருப்பா நீ? இருக்கற ரெண்டு மணி நேரக் கரண்டுல வந்து அமுத்தற?"

"கம்பெனி ஆளும்மா. கொஞ்சம் கைய காட்டுங்க."

"கையவா?"

"காட்டுங்கம்மா."

அந்த அம்மா திகைத்துப்போய் இரண்டு கையையும் நீட்டினார். அண்ணன் தொடாமல், விரல் விரலாகச் சுட்டி, தெலுங்கில் எண்ணினார். ஒகட்டி, ரெண்டு, மூடு. பத்தும் இருந்து, "பதி" வரை வந்ததும் அப்படியே தட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். 

"ஏன்மா மூடிய எடுத்தீங்க?"

"மூடி போட்டா தட்டு வந்து முட்டிக்கினு நிக்குது. பெரியவன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேல. அவன்தான் போன்ல சொன்னான், எடுத்துட்டு ஓட்டும்மான்னு."

அண்ணன் கோழிகளை விரட்டி மூடியை எடுத்துவந்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்பக்கம் விரலால் தடவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. கடுகு அளவுக்குக் கொஞ்சம் பெரிசாக, வெல்டிங் கட்டி ஒன்று. வெர்னியரை வைத்துப் பார்த்தார். மூன்று மில்லி. தட்டு வந்து அதில்தான் முட்டியது.

"இது நா பாஸ் பண்ண லாட்டு சார்" என்றார் என்னிடம், தரையைப் பார்த்துக்கொண்டு. "வெளிய அளந்தேன். உள்ள கைய விட்டுப் பாக்கல."

பையிலிருந்து அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். வழவழவென்று ஆனதும் மூடியைப் போட்டு, போல்ட்டை முறுக்கி, சுவிட்சைப் போட்டார். தட்டு தடங்கல் இல்லாமல் உள்ளே போய்ப் பொடியாக விழுந்தது. அந்த அம்மா தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். உடனே அடுத்த பிரச்சினை வந்தது.

"அது சரி, எங்க கோழி இப்ப எதுல தண்ணி குடிக்கும்?"

அண்ணன் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சைச் சாதத்தை வாழையிலையில் கொட்டி என்னிடம் தள்ளிவிட்டு, டப்பாவில் தண்ணீர் ஊற்றி வாசலில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தான் பாஸ் செய்ததையும் மறைக்காமல் சொன்னார். கோழி தண்ணீர் குடித்ததைச் சொன்னபோது சிரிக்கப் போன முதலாளி, வளையலைச் சொன்னபோது எழுந்து நின்றுவிட்டார். ஜீப் சாவியை மெக்கானிக் கையில் கொடுத்தார். முதல் வேலையாக வெப்சைட்டின் முகப்பிலும் குழுவிலும் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்: மூடியைக் கழற்றாதீர்கள், நாங்களே வந்து சரிசெய்து தருகிறோம். அதைப் படித்த பிள்ளைகள் அப்பாக்களுக்குப் போன் போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை கட்டம் மெலிந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும்.

மெஷின்கள் காவேரிப்பட்டினம், ஊத்தங்கரை என்று எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. மெக்கானிக் ஜீப்பில் ஒரு பக்கம் போக, லீவு நாட்களில் நாங்கள் பஸ்ஸில் இன்னொரு பக்கம் போனோம். போகும் வீட்டிலெல்லாம் அண்ணன் மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் காட்டச் சொன்னார். பலர் கைரேகை பார்க்க வந்தவர் என்று நினைத்து வலது கையை மட்டும் நீட்டினார்கள். ஒரு பெரியவர் தனக்கு வெளிநாட்டு யோகம் உண்டா என்றுகூடக் கேட்டார்.

கடைசி மெஷின் சிங்காரப்பேட்டையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் ராவி முடித்து, கடைத்தெரு பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போட்டார்.

"முடிஞ்சிது சார். எல்லாருக்கும் பத்து வெரலும் கீது." என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் முதலாளி, "ரெண்டு பேரும் சாப்ட்டுட்டு வாங்கய்யா" என்றார். நான் இரண்டு பேருக்கும் பொதுவாக "சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிருஷ்ணகிரி வந்து பெங்களூர் பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். சூளகிரி தாண்டுவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் அரம் உரசிக் கன்றிப்போயிருந்தது. வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கினார். வெயில் சாயும் நேரத்தில் ஓசூர் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் அசையவில்லை. மறுபடி வண்டி கிளம்பியதும் கண்டக்டர் எங்களிடம் வந்தார்.

"ஏன் சார், ஓசூருக்குத்தான டிக்கெட்டு வாங்கினீங்க? ஸ்டாண்டு போயிருச்சே!"

"அடுத்த ஸ்டாப் அத்திப்பள்ளிதானே, அதுக்கு ரெண்டு குடுங்க" என்றேன். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."