பியானோவுக்குப் பக்கத்து நாற்காலி

பியானோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும் தாய்க்குலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தானாக ஒரு ஸ்வரம் வாசிக்காது. வாசிக்கிற பிள்ளையை விடவும் விடாது. அல்மாத்தியில் எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒன்று உண்டு. என் தலைக்கு நேர் மேலே இருப்பவள் ராபிகா. பகலில் பல் டாக்டர். எதிராளி வாயைத் திறந்துகொண்டு பதில் பேசாமல் கிடப்பதே அவளுக்குப் பழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் பால் தேநீரை ஊற்றிக்கொண்டு, மகள் தொமிரிஸின் குறிப்பேட்டில் இசைப்பள்ளி டீச்சர் சிவப்பு மையில் எழுதியதை உரக்கப் படித்து, அவள் முதுகில் ஒரு தட்டு தட்டி நிமிர்த்தி, பியானோ மேல் பத்து குர்த்தை வரிசையாக அடுக்குவாள். காயவைத்த தயிர் உருண்டைதான். ஒருமுறை வாசித்தால் ஓர் உருண்டை வலப்பக்கம் நகரும். பத்தும் நகர்ந்தால் விடுதலை.

"என்னடி, எட்டுதான் இருக்கு?"

"நீங்க வச்சதே எட்டுதாம்மா."

"வாயைத் திற."

பல் டாக்டரிடமா இந்த வேலை?

இரண்டாம் பக்கம் தொடங்கும் இடத்தில் மட்டும் தவறாமல் ஒரு கத்தல் வரும்: "மூணாவது விரல்!" நாலு மாதம், தினமும் பத்து தடவை. என் வீட்டுக் கூரை வழியாக.

அவள் கணவர் எர்லான் சமையலறையிலிருந்து தலையை நீட்டுவார். "கொஞ்சம் விடேன், அதுவே வாசிக்கும்."

"விட்டா ஃபெயிலாயிடும். அப்புறம் அடுத்த வருஷம் பள்ளியில இடம் கிடையாது. நீங்க போய்ப் பேசுவீங்களா?"

தலை உள்ளே போய்விடும்.

மே மாதம் தேர்வு வந்தது. "அக்கா, நீங்களும் வாங்க" என்று ராபிகா என்னையும் இழுத்துப் போனாள். பெற்றோருக்கு உள்ளே அனுமதியில்லை. இருவரும் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். பிள்ளை அருமையாக வாசித்தாள். இரண்டாம் பக்கம் வந்தது. வாசிப்பு நின்றது.

மறக்கவில்லை, பாவம். காத்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு குரல் வரும், வந்த பிறகுதான் விரல் போகும். அதையும் சேர்த்துத்தான் பாட்டு என்று நினைத்திருக்கிறாள்.

ராபிகாவின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயோ, நாலு மாத உழைப்பாயிற்றே!

"மூணாவது விரல்!"

கத்தியது நான்.

உள்ளே வாசிப்பு தொடர்ந்தது, கடைசிவரை. பிறகு கதவைத் திறந்துகொண்டு தேர்வாளர் அம்மாள் வந்தார். "யாரு கத்தினது?" ராபிகா கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் கை காட்டினாள்.

பாஸ் போட்டுவிட்டார்கள். குறிப்பேட்டில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வரி: 'வீட்டில் பியானோ முன்னால் ஒரு நாற்காலி போதும்.'

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மூணாவது விரல் என்று நான் சொன்னதும், பியானோவே இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு உங்கள் கையை ஏன் பார்த்தீர்கள்?