வாரண்டில் பெயர் இல்லாதவள்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

தங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் ரத்த அழுத்தமும் சித்தியின் முழங்காலும் இப்போது தேவலை என்று நம்புகிறேன். பதில் மூன்று வாரம் தாமதம், மன்னிக்கவும். போனில் சொல்லப் பயமாக இருந்தது.

“பேத்தி பேச ஆரம்பித்தாளா” என்று கேட்டிருந்தீர்கள். ஆரம்பித்துவிட்டாள். என்ன பேசினாள் என்பது அரசாங்க ரகசியம்.

சிரிக்காதீர்கள் சித்தப்பா. போன மாதம் உளவுத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டுக் கடிகார ரிப்பேர்க்காரரின் பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டுமாம், அதற்குப் பாப்பா தூங்கும் அறைச் சுவர்தான் தோதாம். நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட், முப்பது நாளுக்கு. உங்கள் மாப்பிள்ளை, “சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு, அவங்ககிட்ட எதுக்கு வம்பு” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து சுவரில் ஒரு மைக், கட்டிலோரம் ஹெட்போனோடு ஒரு மனிதர். இங்கே பாப்பாவுக்கு மூன்று வயது முடிய ஆறு வாரம்தான் இருக்கிறது, டாக்டரோ “ஒரு வார்த்தை வந்தாலும் இதுல எழுதிட்டு வாங்க” என்று கொடுத்த நோட்டு இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. இத்தனை நாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், செவ்வாய்க்கிழமை துணி எடுக்கப் பத்து நிமிஷம் மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால் ஹெட்போன்காரர் எழுந்து நிற்கிறார்.

“பாப்பா பேசிடுச்சும்மா.”

“என்ன சொன்னா?”

மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டார். “நான் வாயைத் திறந்ததே தப்பு. வாரண்ட்ல பேர் இல்லாதவங்க பேசினா காதுல விழாத மாதிரி இருக்கணும். சொல்லக் கூடாது, எழுதக் கூடாது. டேப்புல விழுந்ததைக் கடைசி நாள் அழிச்சிடுவாங்க.”

“பெத்தவகிட்ட கூடவா?”

“பெத்தவங்களுக்குன்னு தனி விதி போடலையேம்மா.”

“அம்மான்னு சொன்னாளா? தலையையாவது ஆட்டுங்க.”

“தலையாட்டறதும் சொல்றதுல சேர்த்திதான்.”

பாவம், நல்ல மனிதர், விதிப் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தார். எம்.ஏ. படித்தது அதற்காவது உதவட்டும் என்று இரண்டு தடவை படித்தேன். வாரண்டில் பெயர் உள்ளவருக்கு, எல்லாம் முடிந்தபின், அவரோடு பேசியவர்களின் குரலும் சேர்த்துப் பதிவின் நகல் கேட்கும் உரிமை உண்டு. பெயர் இல்லாதவர் மனுப் போடலாம், ஆனால் எந்த வார்த்தை வேண்டும் என்று மனுவில் அப்படியே எழுத வேண்டும். அது தெரிந்தால் நான் ஏன் சித்தப்பா மனுப் போடப் போகிறேன்? மறுபடி போய்க் கேட்டேன். “சும்மா சும்மா கேக்காதீங்கம்மா, பதிவுல என்ன இருக்குன்னு யார் கேட்டாலும் நான் மேல எழுதி அனுப்பணும், இதோட ஏழு தடவை ஆச்சு” என்கிறார்.

வெள்ளிக்கிழமை வாரண்ட் முடிகிறது. வக்கீலாக நாற்பது வருஷம் இருந்தவர் நீங்கள், எப்படியாவது அழிக்காமலிருக்க ஒரு தடை வாங்கித் தாருங்கள். ராத்திரி அவள் தூங்கும்போது வாயருகே காதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். மூச்சு மட்டும்தான் வருகிறது.

சித்திக்கு என் அன்பு. பேத்தியைத் தாங்கள் மனதார ஆசீர்வதிக்க வேண்டும், சத்தமாக வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மகள்

பி.கு.: பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், கடிதம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. நேற்று மைக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், டேப்பும் அழிந்திருக்கும். காலையில் ரிப்பேர்க்காரர் சர்க்கரை கடன் கேட்க வந்தவர், “ரெண்டு பேர் வந்து உங்க சுவரை ஒட்டின ரூமைக் கேட்டாங்கம்மா, முப்பது நாளைக்காம், யாருக்கு எதுக்குன்னு சொல்லவே மாட்டேங்கறாங்க, உங்ககிட்ட கூடச் சொல்லக் கூடாதாம்” என்றார். ஏழு தடவை கேட்டது வீண்போகவில்லை. ஆகவே தடை எதுவும் வாங்க வேண்டாம். இப்போது வாரண்டில் என் பெயர் இருக்கிறது, நகல் கேட்கும் உரிமையும் வந்துவிட்டது. முதல் வார்த்தை போனது போகட்டும். பாப்பாவின் பொம்மைகளையெல்லாம் அந்தச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டேன்.