ரெண்டு கேண்டில் பில்டர்

"தண்ணிக்குள்ள மெழுகுவத்தி வெக்கிற வூட்டுக்கு என் பேத்திய அனுப்ப மாட்டேன்."

மாமியார் திரௌபதியின் இன்லண்டு கடிதத்தை அருணகிரி மூன்று முறை படித்தான். பிரசவத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போன மனைவி வேதாவும் குழந்தையும் திருவண்ணாமலைக்குத் திரும்ப அவர் போட்ட ஒரே நிபந்தனை, சுத்தமான குடிதண்ணீர்.

அருணகிரி மாலை டைப்ரைட்டிங் வகுப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு தரம் சந்தேகப்படுகிறவன். நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டு, பதினோரு நாள் யோசித்துத்தான் எவர்சில்வர் பில்டர் வாங்கினான். "ரெண்டு கேண்டில் வெச்சது" என்று பெருமையாக எழுதியது வினையாகிவிட்டது.

நேரில் காட்டிவிடலாம் என்று தண்ணீரை வடிகட்டும் பீங்கான் கேண்டில் ஒன்றைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். வழியில் ஒரு அம்மாள் வேர்க்கடலை மூட்டையை அதன்மேல் இறக்கினாள்.

"ஒடஞ்சத காட்டவா வந்தீங்க?" என்றார் திரௌபதி. "திரி எங்க?"

"திரி கெடையாதுங்க அத்த. இதுக்குள்ள தண்ணி கசியும்."

"ஒழுகுதுனு சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு காலை புதுக் கேண்டிலோடு முழு பில்டரையும் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தான். திரௌபதியே கிணற்றில் ஒரு குடம் சேந்தி வந்து ஊற்றினார்.

"எங்க கெணத்துத் தண்ணி கல்கண்டு. இதுக்கே உங்க மிஷினு என்னா பண்ணுதுனு பாப்போம்."

அருணகிரி கடிகாரம் பார்த்து எண்ணினான். நிமிஷத்துக்கு ஒன்பது சொட்டு.

"இது ரொம்பறதுக்குள்ள கொழந்தைக்குக் கல்யாணமே ஆயிடும்."

மூன்று மணிக்குச் சொட்டு நின்றேவிட்டது. வாஷரைத் தலைகீழாகப் போட்டோமோ என்று அவனுக்கு வியர்த்தது.

"நான் சொல்லல? கெட்டுப்போச்சு. மூட்ட கட்டுங்க."

மூடியைத் திறந்தான். பால்போல வெளுத்திருந்த கேண்டில் இரண்டும் செங்கல் நிறத்தில் சேறு பூசி நின்றன.

குழந்தையோடு எட்டிப் பார்த்த வேதா, ஒன்றைத் தொட்டு விரலைப் பார்த்தாள். "ஏம்மா, இதையா இவ்ளோ நாளா குடிச்சோம்?"

"ஐப்பசி மழ. கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும்" என்றார் திரௌபதி. குரல் கம்மியாகிவிட்டது.

வேதா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

காலையிலிருந்து பேப்பருக்குப் பின்னாலேயே இருந்த மாமனார் இராமலிங்கம், கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை உற்றுப் பார்த்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

"மாப்ள, வேதாவுக்கு பஸ் டிக்கெட் வாங்கறப்ப எனக்கும் ஒண்ணு சேத்து வாங்கிடுங்க."